நான்காம் எண்

டிமாரு துறைமுகத்தின் பின்புறம்
முன்பு கம்பளி மூட்டைகள் அடுக்கிய கொட்டகையில்
ஆறு பெட்ரோல் பம்புகள்
ஒரே பலகையில் திருகப்பட்டு
பிப்ரவரியிலிருந்து துடிக்கின்றன.
டிக். டிக்.
காரில்லை, சக்கரமில்லை, போய்ச்சேர ஊருமில்லை.
உள்ளே ஓடுவது மண்ணெண்ணெய்
(பெட்ரோல் என்றால் காப்பீட்டுக்காரர் முறைப்பார்),
தொட்டியிலிருந்து பம்புக்கு
பம்பிலிருந்து அதே தொட்டிக்கு.

வியாழன்தோறும் நைரி பாஸ்கோ
மூடிகளைக் கழற்றுகிறாள்.
உளுந்தம்பருப்பு அகலத்தில்
டங்ஸ்டன் முனைகள் இரண்டிரண்டு.
டிக்குக்கு ஒருமுறை தொடும், பிரியும்.
தொடும்போது ஒன்றும் ஆவதில்லை.
பிரியும்போதுதான்
மயிரிழை இடைவெளியில் நீலமாய் ஒரு பொறி,
அது கொஞ்சம் உலோகத்தைக் கிள்ளிக்கொண்டு போகும்.

உருப்பெருக்கியின் கீழே
ஒரு முனையில் குழி, மற்றதில் மேடு.
ஒருபக்கம் தேய்பிறை
எதிர்ப்பக்கம் வளர்பிறை.
மின்கம்பிகளை இடம்மாற்றிக் கொடுத்தால்
பிறைகளும் பக்கம் மாறும்.
இரண்டையும் சேர்த்து நிறுத்தால்
எடை குறைந்ததாகவே தெரியாது.
போனதெல்லாம் எதிர்வீட்டுக்குத்தான்.

ஒன்று, இரண்டுக்குக் கண்டென்சர்.
மூன்று, ஐந்து, ஆறுக்கு டயோடு.
நான்காம் எண்ணுக்கு ஒன்றுமில்லை.
வெற்றுடம்போடு ஓடவிட்டிருக்கிறார்கள்.
மற்றவை எத்தனை காலம் பிழைத்தன என்று சொல்ல
ஒன்றாவது முதலில் சாக வேண்டுமே.

ஜூலை. கடலிலிருந்து ஊசிக்காற்று.
காலையில் நைரி வந்தபோது
எண்ணிக்கைத் தாளில் நாற்பது நிமிட ஓட்டை.
பம்போ ஓடிக்கொண்டிருக்கிறது.
கறுப்பு மூடியின்மேல்
மாப்பிலிருந்து பிய்ந்த ஈரநூல் ஒன்று.

போனில் டிபெனி,
இரவில் தரை துடைக்க வருகிறவர்:
"ஆமாம், நின்றுபோயிருந்தது.
தட்டிக்கொடுத்தேன். அதற்கென்ன?"

பத்தொன்பது வருஷம் பழைய மாரிஸ் ஓட்டியவராம்.
ஏற்றத்தில், பனியில்,
மனைவிக்கு இடுப்புவலி கண்ட இரவில்
பம்பு மௌனமான போதெல்லாம்
இறங்கி, பூட்ஸைக் கழற்றி
குதிகாலால் ஒரு தட்டு.
"ஆறு பேர் பாடுகிற இடத்தில்
ஒருத்தன் வாயை மூடினால்
காதுக்குத் தெரியாதா?"

அது சாவதற்கென்றே வைத்தது என்று
சொல்ல வாயெடுத்தாள்.
தொண்டையிலேயே நின்றது சொல்.
"எத்தனை மணிக்கு?" என்றாள்.

"பிஸ்கட் உறையில் எழுதியிருக்கிறேன், உன் மேசையில்.
இரண்டு பத்துக்கு நின்றது.
இரண்டு ஐம்பதுக்குத் தட்டினேன்."

"நாற்பது நிமிஷம் என்ன செய்தீர்கள்?"

"தரையைத் துடைத்து முடித்தேன்.
அதுவாக எழுந்துகொள்ளுமோ என்று
பார்த்தேன்."

நோட்டில் கட்டங்கள் உண்டு:
மணி, குழி, மேடு, காரணம்.
இதற்கு ஒரு கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினாள் நைரி:
1312 மணி. நின்றது.
நாற்பது நிமிடம் கழித்துத் தட்டிக்கொடுக்கப்பட்டது.
ஓடுகிறது.

முனைகள் செய்த கம்பெனிக்காரர்
வெலிங்டனிலிருந்து பதில் போட்டார்:
முதல் வரி போதும். மற்றதை நீக்கவும்.
முறைப்படி அதுதான் சரி.
அறிக்கையில் நீக்கினாள். நோட்டில் விட்டுவைத்தாள்.
பலகையிலிருந்து நான்காம் எண்ணை
கழற்றச் சொல்லி யாரும் எழுதவில்லை.
அவளும் கேட்கவில்லை.

மூடியைத் திறந்து பார்த்ததில்
மேட்டின் நுனி உடைந்து
குழியோரம் கரித்துகளாய்க் கிடந்தது.
ஊதவில்லை. அப்படியே மூடினாள்.

அந்த ஒரு தட்டுக்கு
இருநூற்றுப் பதினாறு மணி நேரம் ஓடியது,
தொட்டு, பிரிந்து, தொட்டு.
பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்.
டிபெனிக்கு விடுமுறை. நைரி கடற்கரையில்.
பூட்டிய கொட்டகைக்குள்
ஐந்து
டிக்.